சக்கரத்துக்குப் பெயின்ட்: வண்டி மை முதல் சிவப்பு காலிப்பர் வரை

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சேலத்திலோ நாமக்கல்லிலோ எந்தத் தெருவில் நடந்தாலும் ஒரே வேலைதான் நடந்துகொண்டிருக்கும். லாரி, டெம்போ, கார், மொபெட் என்று எல்லாவற்றுக்கும் குளியல். லாரிச் சக்கரத்தின் நட்டுகளுக்கு ஒருவர் சில்வர் பெயின்ட் அடிப்பார். இன்னொருவர் ரிம்மின் ஓரத்தில் சிவப்புக் கோடு இழுப்பார். கடந்த பதினைந்து இருபது வருடங்களாக இதில் புதிதாக ஒன்றும் சேர்ந்திருக்கிறது. கார் வைத்திருக்கும் இளைஞர்கள் வீட்டு வாசலிலேயே சக்கரத்தைக் கழற்றி, உள்ளே இருக்கும் பிரேக் காலிப்பருக்குச் சிவப்போ மஞ்சளோ அடித்துக்கொள்கிறார்கள். அலாய் வீலின் இடுக்கு வழியே அது தெரியும்போது பந்தயக் கார் மாதிரி இருக்கும் என்பது ஆசை.

இதை வெறும் அலங்காரம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் சக்கரத்தில் எந்த இடத்தில் பெயின்ட் படலாம், எந்த இடத்தில் படவே கூடாது, எந்தத் தூசியை ஊதக் கூடாது, எந்த எண்ணெயால் துடைக்கக் கூடாது என்ற ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. அதில் ஒரு பகுதி இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நடந்தது. இன்னொரு பகுதி நம் ஊர் மாட்டுவண்டியிலும் லாரிப் பட்டறையிலும் நடந்தது.

முதலில் மாட்டுவண்டி. மரச்சக்கரத்தின் நடுவில் இருப்பது குடம். அதிலிருந்து புறப்படுவது ஆரக்கால். சுற்றி இருப்பது வட்டை. அதன்மேல் காய்ச்சி இறக்கிய இரும்புப் பட்டா. குடத்துக்குள் செல்லும் அச்சுக்கு இருசு என்று பெயர். சக்கரம் கழன்று ஓடாமல் இருசின் நுனியில் செருகுவது கடையாணி. இன்று ஹப், ரிம், ஆக்சில், வீல் நட்டு என்று சொல்லும் எல்லாவற்றுக்கும் நம்மிடம் ஏற்கெனவே பெயர் இருந்தது. பொங்கலுக்குக் கொம்புக்கு வர்ணம் அடிக்கிற வீடுகளில் ஆரக்காலுக்கும் வட்டைக்கும் வர்ணம் உண்டு. ஆனால் இருசுக்கு யாரும் வர்ணம் அடிக்கவில்லை. அங்கே போவது மை.

வண்டி மை என்பது கரியாக்கிய வைக்கோலை விளக்கெண்ணெயில் குழைத்தது. ஒரு மூங்கில் குழாயில் அடைத்து வண்டியோடு தொங்கவிட்டிருப்பார்கள். கிரீஸ் டப்பா வருவதற்கு முன்னால் இதுதான் கிரீஸ். கொங்குப் பக்கம் ஆமணக்கு விதையைக் கொட்டமுத்து என்பார்கள். சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் சேர்த்து ஓர் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது என்றால், இந்த மண்ணுக்கும் அந்தச் செடிக்கும் உள்ள உறவு புரியும். இந்த எண்ணெயை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கார் பிரேக்கிலும் அது வரப்போகிறது.

இன்னொரு பழைய சாட்சி. புறநானூற்றின் 102-ஆம் பாட்டு ஔவையார் பாடியது. தகடூர் அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பற்றியது. உப்பு விற்கும் உமணர்கள் வண்டியில் பாரம் அதிகம், காளைகளோ இளசு, வழியில் பள்ளமும் மேடும் எப்படி இருக்குமோ தெரியாது. அதனால் வண்டிக்கு அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போவார்களாம். அந்த மாற்று அச்சைப் போன்றவன் இவன் என்கிறார் புலவர். தகடூர் என்பது இன்றைய தர்மபுரி. சேலத்திலிருந்து தர்மபுரிக்குப் போக வேண்டுமென்றால் தொப்பூர் கணவாய் ஏற வேண்டும். ஏறுவது எளிது, இறங்குவதுதான் சிரமம் என்று லாரி ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பெரும்பாலான மாட்டுவண்டிகளில் பிரேக் என்று தனியாக எதுவும் கிடையாது. இறக்கத்தில் வண்டியைத் தாங்குவது மாட்டின் கழுத்து.

மோட்டார் வண்டிக்குக் கழுத்து கிடையாதே. அதனால் ஆரம்பத்தில் ஒரு கட்டையைச் சக்கரத்தின் மேல் அழுத்தினார்கள், பட்டையைச் சுற்றி இறுக்கினார்கள். 1902-இல் பிரான்சில் லூயி ரெனோ, சுழலும் உருளைக்கு உள்ளே இரண்டு ஷூக்கள் விரிந்து உரசும் டிரம் பிரேக்கைக் கொண்டுவந்தார். அதே 1902-இல் இங்கிலாந்தில் பிரெடரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். டிஸ்க் ஏதோ நேற்று வந்த நவீனம் என்று நினைக்கிறோம், உண்மையில் இரண்டும் ஒரே வயது. லான்செஸ்டரின் டிஸ்க்கில் உரசும் பகுதி செம்பு. அது போட்ட கீச்சொலியைத் தாங்க முடியவில்லை. டிரம் ஜெயித்தது, அடுத்த ஐம்பது வருடம் அதன் காலம்.

உரசும் பகுதிக்கு என்ன பொருள் வைப்பது என்பதுதான் உண்மையான பிரச்சினை. மரம் கருகும். தோல் தேயும். இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் 1897-இல் இதற்கென்றே ஆராய்ச்சி தொடங்கினார். குதிரைவண்டிக்காரர்கள் இறக்கத்தில் பழைய பூட்ஸைச் சக்கரத்தோடு உரசவிட்டு வேகம் குறைத்ததைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு. முதலில் பருத்தி நெசவில் பிசின் ஏற்றினார். பின்பு 1908 வாக்கில் கல்நாருக்கு மாறினார். அவருடைய கம்பெனிதான் ஃபெரோடோ. தன் பெயரின் எழுத்துகளைக் கலைத்து, மனைவி எலிசபெத்தின் முதல் எழுத்தையும் சேர்த்து அவர் வைத்த பெயர் அது.

கல்நார் என்ற தமிழ்ச் சொல் எவ்வளவு பொருத்தமானது பாருங்கள். கல்தான், ஆனால் நார் நாராகப் பிரியும். நெருப்பில் எரியாது, நூற்று நெய்யலாம், விலையும் மலிவு. பிரேக்குக்கு இதைவிட நல்ல பொருள் கிடையாது என்று உலகமே நம்பியது. அதன் விலை நாற்பது வருடம் கழித்து நுரையீரலில் தெரிந்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

அடுத்த கேள்வி, காலால் மிதிக்கும் விசையை நான்கு சக்கரத்துக்கும் சமமாக எப்படிக் கொண்டுபோவது? கம்பியும் கயிறும் வைத்தால் ஒரு சக்கரம் முதலில் பிடிக்கும், இன்னொன்று பிடிக்காது, வண்டி ஒரு பக்கம் இழுக்கும். மால்கம் லாக்ஹீட் என்ற அமெரிக்கர் திரவத்தை வைத்துச் செய்யலாம் என்று கண்டுபிடித்தார். 1921-இல் டியூசன்பர்க் கார் நான்கு சக்கரங்களிலும் திரவ பிரேக்கோடு வந்தது. அந்தக் காலத்து பிரேக் திரவம் என்ன தெரியுமா? விளக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்தது. மாட்டுவண்டியின் குடத்தில் இருந்த அதே எண்ணெய்! காரணம் எளிது. உள்ளே கசிவைத் தடுக்கும் வளையம் இயற்கை ரப்பர். மண்ணெண்ணெய், டீசல், பெட்ரோல் போன்றவை பட்டால் ரப்பர் ஊதிப் பருத்து நொய்ந்துவிடும். விளக்கெண்ணெய் ரப்பரை ஒன்றும் செய்யாது. பிரேக் ரப்பர்களுக்குத் தடவும் சிவப்பு கிரீஸ் விளக்கெண்ணெய் அடிப்படையில் செய்யப்பட்டதும் இதனால்தான்.

இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்றால், சக்கரத்தைக் கழற்றியவுடன் நம் ஊரில் எல்லோரும் தேடுவது டீசலில் நனைத்த பனியன் துணி. எஞ்சினுக்கு அது சரி, நட்டு போல்ட்டுக்கும் சரி. பிரேக்குக்குச் சரியில்லை. வீல் சிலிண்டரின் ரப்பர் உறையும், காலிப்பர் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பரும், காலிப்பர் பின்களின் ரப்பர் தொப்பியும் டீசலில் ஊறினால் உடனே ஒன்றும் தெரியாது. சில மாதம் கழித்து பிஸ்டன் இறுகும், ஒரு சக்கரம் மட்டும் சுடும். பிறகு யாருக்கும் காரணம் நினைவிருக்காது. இன்றைய பிரேக் திரவத்தில் விளக்கெண்ணெய் இல்லை, கிளைக்கால் வகைகள் வந்துவிட்டன. அவற்றுக்கு இன்னொரு குணம் உண்டு, பெயின்ட்டைக் கரைத்துவிடும். காலிப்பருக்குப் பெயின்ட் அடித்த மறுநாள் திரவம் ஒரு சொட்டு சிந்தினால் அந்த இடம் உரிந்து வரும்.

இனி நம் மாநிலத்துக்கு வருவோம். சுதந்திரத்துக்குப் பிறகு வண்டி உதிரிபாகத் தொழில் சென்னையைச் சுற்றி வேர்விட்டது. பாடியில் 1960-இல் வீல்ஸ் இந்தியா, 1962-இல் பிரேக்ஸ் இந்தியா, அதே வருடம் ஏர் பிரேக்குக்காக சுந்தரம் கிளேட்டன். 1964-இல் ரானே பிரேக் லைனிங்ஸ். 1974-இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ். இந்தியாவில் ஓடிய சக்கரங்களில் எத்தனையோ பாடியையும் அம்பத்தூரையும் நம்பி நின்றன என்றால் மிகையில்லை. அந்தப் பொருளெல்லாம் போய்ச் சேர்ந்த இடங்களில் முக்கியமானது நாமக்கல். அப்போது அது சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதி. 1997 ஜனவரி 1 முதல்தான் தனி மாவட்டம். மானாவாரி நிலம், ஏமாற்றும் மழை, அதனால் விவசாயிகள் கூட்டுச் சேர்ந்து லாரி வாங்கினார்கள். லாரி வந்ததும் பாடி கட்டும் பட்டறை வந்தது. நாமக்கல்லில் டேங்கர், திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக், சங்ககிரியில் லாரி என்று ஊருக்கு ஒரு தொழில் நிலைத்துவிட்டது. பட்டறை வந்தால் லைனிங் அடிப்பவர், டிரம் கடைசல் போடுபவர், பெயின்டர் எல்லோரும் வரத்தானே வேண்டும்?

லைனிங் அடிக்கும் வேலை எப்படி நடக்கும் என்று பார்த்திருப்பீர்கள். டிரம்மைக் கழற்றியதும் உள்ளே கறுப்பு மாவு மாதிரி தூசி படிந்திருக்கும். கம்ப்ரஸர் குழாயை எடுத்து ஒரே ஊது. மேகம் போல் எழும். பழைய லைனிங்கின் ரிவெட்டுகளைத் தட்டி எடுத்து, புதிதை வைத்து அடித்து, ஓரங்களை அரத்தாலோ கிரைண்டராலோ தேய்ப்பார்கள். மூக்கில் துண்டு கட்டியவர்களைப் பார்ப்பது அரிது. அந்த லைனிங் பல பத்தாண்டுகள் கல்நார் கலந்தது.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு எல்லா வகைக் கல்நாரையும் மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 1987-இல் முதல் வகையில் வைத்தது. நுரையீரல் உறையில் வரும் மெசோதீலியோமா என்ற புற்றுநோய், நார் உள்ளே போய் இருபது, முப்பது, நாற்பது வருடம் கழித்தும் வரலாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு 1986-இலேயே பிரேக் மெக்கானிக்குகளுக்கென்று ஒரு கையேடு போட்டு, தூசியை ஊதாதீர்கள், தட்டாதீர்கள் என்று எச்சரித்தது. 1994-இல் அங்கே தொழிலாளர் பாதுகாப்பு விதிகள் காற்றால் ஊதுவதையும் உலர்ந்த பிரஷ்ஷால் துடைப்பதையும் தடை செய்தன. பிரிட்டன் 1999-இல் கல்நாரை முழுதாகத் தடுத்தது, ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2005-இல் தடை வந்தது. அமெரிக்கா 1989-இல் கொண்டுவந்த தடையின் பெரும்பகுதியை 1991-இல் நீதிமன்றம் ரத்து செய்தது. 2024 மார்ச்சில்தான் அங்கே கிரைசோடைல் என்ற வெள்ளைக் கல்நாருக்கு, கடையில் விற்கும் பிரேக் லைனிங் உட்பட, தடை அறிவிக்கப்பட்டது.

இந்தியாவில்? 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கல்நார்த் தொழிலாளர்களின் உடல்நலம் அவர்களுடைய வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. மருத்துவப் பதிவேடு வைக்க வேண்டும், நோயாளிக்கு இழப்பீடு தர வேண்டும் என்றெல்லாம் உத்தரவு வந்தது. ஆனால் அந்தத் தீர்ப்பு பேசியது சுரங்கமும் தொழிற்சாலையும் பற்றி. சாலையோரம் தகரக் கொட்டகையில் ரிவெட்டு அடிப்பவருக்கு எந்தப் பதிவேடு? முழுத்தடை இன்றுவரை வரவில்லை, கிரைசோடைல் இறக்குமதி தொடர்கிறது. பெரிய கம்பெனிகளின் லைனிங்கில் கல்நாருக்குப் பதில் அராமிட் நார், எஃகு நார், கண்ணாடி நார் எல்லாம் வந்திருக்கின்றன. பெயர் தெரியாத மலிவுச் சரக்கில் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். மெக்கானிக்குகளுக்கு இதனால் எவ்வளவு ஆபத்து என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. பிரேக் பிடிக்கும்போது வரும் சூட்டில் கல்நாரின் பெரும்பகுதி உருமாறிவிடுகிறது, தேய்ந்த தூசியில் எஞ்சும் நார் மிகக் குறைவு என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள். அப்படிச் சொன்ன ஆய்வுகளில் சிலவற்றுக்கு கார் கம்பெனிகள் பணம் கொடுத்தன என்று மறுபக்கம் சுட்டிக்காட்டுகிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஓடித் தேய்ந்த தூசியில் நார் குறைவாக இருக்கலாம். ஆனால் புது லைனிங்கை அரத்தால் தேய்க்கும்போது அது சூட்டையே பார்க்காத கல்நார், முழுசாக அப்படியே பறக்கும். நம் பட்டறைகளில் நடந்தது இரண்டாவதும்தான்.

சூடான கல்நார் என்னவாக மாறுகிறது என்று கேட்டால் அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கிரைசோடைல் கடுமையாகச் சூடானால் ஃபார்ஸ்டரைட் என்ற கனிமமாகிறது, ஆலிவின் குடும்பம். சேலம் நகருக்கு வடக்கே ஆங்கிலேயர் சாக் ஹில்ஸ் என்று பெயர் வைத்த வெள்ளைக் கரடுகள் இருக்கின்றனவே, அங்கே மேக்னசைட் நரம்புகள் ஓடும் தாய்ப்பாறையான டூனைட் பெரும்பாலும் ஆலிவின்தான். அதாவது தொப்பூர் இறக்கத்தில் சூடேறிய பழைய டிரம்முக்குள் உருவான தூள், சேலத்துக் கரட்டுக் கல்லுக்குச் சொந்தக்காரன். இது கட்டுரைக்கு அவசியமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, நட்டுக்கு வருவோம். லாரிக்கு எஃப்.சி. என்று ஒரு பரீட்சை உண்டு. எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்குமேல் வருடா வருடம் தகுதிச் சான்று வாங்க வேண்டும். அதற்கு முன்னால் பட்டறையில் நடப்பது எஃப்.சி. வேலை. பாடியைத் தட்டி நிமிர்த்தி, சேஸிஸுக்கு ரெட் ஆக்சைடு, சக்கரத்துக்குப் புதுப் பெயின்ட். பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் பெயின்ட் எதை மறைக்கிறது? சக்கரத்தின் ஓட்டையைச் சுற்றிச் செந்நிறத் துருக்கோடு வழிந்திருந்தால் நட்டு தளர்ந்து சக்கரம் ஆடுகிறது என்று அர்த்தம். ஓட்டையிலிருந்து மயிரிழைக் கீறல் ஓடினால் சக்கரத்தை மாற்ற வேண்டும் என்று அர்த்தம். இரண்டு அடையாளமும் ஒரு கோட் சில்வரில் காணாமல் போய்விடும்.

அதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. சக்கரமும் ஹப்பும் ஒன்றோடொன்று பதியும் முகத்தில் வருடா வருடம் பெயின்ட் ஏறினால் நடுவில் ஒரு மெத்தை உருவாகும். நட்டை எவ்வளவு முறுக்கினாலும் அப்போதைக்கு இறுகும். ஓடும் சூட்டிலும் பாரத்திலும் மெத்தை நசுங்கும், நசுங்கிய அளவுக்கு நட்டின் பிடி குறையும், பிறகு சக்கரம் தனியாகப் போகும். பழைய பிரிட்டிஷ் லாரிகளில் இதற்காகவே இடப்பக்கச் சக்கர நட்டுகளுக்கு இடது மரை வைத்தார்கள். சுழலும் திசை நட்டைத் தளர்த்தாமல் இருக்க வேண்டும் என்ற எண்ணம். அது தெரியாத புதுக் கிளீனர் வழக்கமான பக்கம் திருப்பித் திருப்பி ஸ்டட்டை முறிப்பான். மரை கழன்றவன் என்று திட்டுவது எங்கிருந்து வந்ததோ, பட்டறையிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

காருக்கும் இது அப்படியே பொருந்தும். பதினைந்து வருடம் முடிந்த காரை மறுபதிவுக்குக் கொண்டுபோகும் முன் சொந்தமாகவே சக்கரத்துக்குப் பெயின்ட் அடிப்பவர்கள் நிறையப் பேர். அவர்கள் அடிக்காமல் விட வேண்டிய இடங்கள்: பதியும் முகம், ஸ்டட்டின் மரை, நட்டு உட்காரும் சரிவான குழி.

இந்தச் சமவெளியில் பிரேக் பற்றி எழுதினால் தொப்பூரைத் தவிர்க்க முடியாது. தர்மபுரியிலிருந்து சேலத்துக்கு இறங்கும் அந்தச் சாலையில் 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் கட்டுப்பாடு இழந்த லாரிகள் முன்னால் போன வண்டிகளில் மோதி உயிர்கள் போயின. இறக்கத்தில் பிரேக் எப்படித் தோற்கிறது என்பது சின்ன இயற்பியல். டிரம் சூடானால் விரிந்து ஷூவை விட்டு விலகும், பெடல் இன்னும் ஆழமாகப் போகும். லைனிங்கும் சூட்டில் வழுக்கும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டால் எஞ்சினின் பிடியும் போய், முழுச் சுமையும் பிரேக்கின் தலையில். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏற்காட்டின் இருபதும் கார்க்காரர்களுக்கு அதே பாடத்தை நடத்துகின்றன. சமவெளியில் வாரம் முழுக்க ஊர்ந்த கார் ஞாயிற்றுக்கிழமை மலை ஏறுகிறது, இறங்கும்போது கருகல் நாற்றம் வருகிறது.

டிஸ்க் மறுபடி வந்ததே இந்தச் சூட்டால்தான். 1953-இல் லீ மான் 24 மணி நேரப் பந்தயத்தை டன்லப் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் வென்றது. 1955-இல் சிட்ரோயன் டி.எஸ். அதை வீட்டுக் காருக்குக் கொண்டுவந்தது. டிஸ்க் வெளிக்காற்றில் சுழல்கிறது, சூடானாலும் பேடை விட்டு விலகுவதில்லை. நம் அம்பாசிடரும் பியட்டும் வெகுகாலம் டிரம்மிலேயே ஓடின. மாருதி காலத்தில்தான் முன்சக்கர டிஸ்க் இங்கே சாதாரணமானது. பின்சக்கரத்தில் பல சின்ன கார்களில் இன்றும் டிரம்தான். டிஸ்க் வந்ததோடு பிரேக் முதன்முதலாக வெளியே தெரிய ஆரம்பித்தது. 1961-இல் இத்தாலியில் தொடங்கிய பிரெம்போ 1975-இல் ஃபெராரியின் பந்தயக் கார்களுக்கு பிரேக் கொடுத்தது. 1990களில் போர்ஷே கார்களின் சிவப்பு காலிப்பர் உலகமெங்கும் ஆசை கிளப்பியது. நம் ஊர் வாசலில் அடிக்கப்படும் சிவப்பு அந்த வழியாக வந்து சேர்ந்ததுதான். ஒரு வித்தியாசம், அங்கே சிவப்பு காலிப்பர் என்றால் உள்ளே பிஸ்டனும் டிஸ்க்கும் பெரிது. இங்கே சிவப்பு மட்டும்.

அதற்காக அடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. காலிப்பர் வார்ப்பிரும்பு, மழையில் துருப்பிடிக்கும், அதைச் சுத்தம் செய்து மூடுவதில் நியாயம் இருக்கிறது. அந்தச் சாக்கில் ரப்பர் வெடித்திருக்கிறதா, பேட் எவ்வளவு மிச்சம், திரவம் கசிகிறதா என்று பார்க்கும் கண் கிடைப்பது பெரிய லாபம். செய்முறை இந்தச் சரித்திரத்திலிருந்தே வந்துவிடும். சமதரை, கட்டை வைத்த சக்கரங்கள், ஜாக்கோடு ஸ்டாண்டும். தூசியை ஊதாமல் சோப்புத் தண்ணீரால் நனைத்துக் கழுவி, ஈரத் துணியால் எடுத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். கம்பி பிரஷ் போடும்போது நல்ல முகக்கவசம் போடுங்கள், வெறும் கைக்குட்டை போதாது. பழைய பெயின்ட்டில் ஈயம் இருந்திருக்கலாம். வீட்டுப் பெயின்ட்டுக்கே 2017 நவம்பரில்தான் 90 பி.பி.எம். உச்சவரம்பு நடைமுறைக்கு வந்தது. கடைசி எண்ணெய்ப் பசையை பிரேக் கிளீனரால் துடையுங்கள், டீசலால் அல்ல. டிஸ்க்கின் முகம், பேட், ரப்பர் தொப்பிகள், பின்கள், காற்று எடுக்கும் நிப்பிள் எல்லாவற்றையும் டேப் ஒட்டி மூடுங்கள். நிப்பிளை பெயின்ட் அடைத்தால் அடுத்தமுறை திரவம் மாற்றும் மெக்கானிக் உங்களை வாழ்த்துவார். சாதாரண எனாமல் சூட்டில் பழுக்கும், அதனால் சூடு தாங்கும் பெயின்ட், அதுவும் மெல்லிய இரண்டு மூன்று கோட்.

எல்லாம் மாட்டியபின் வண்டியை எடுப்பதற்கு முன்னால் பெடலைப் பலமுறை மிதித்துப் பார்க்க வேண்டும். வேலையின்போது பிஸ்டன் பின்னுக்குப் போயிருந்தால் முதல் மிதி தரைவரை போகும், அது நடுரோட்டில் தெரியவரக் கூடாது. நட்டுகளை எதிரெதிராக, நட்சத்திர வரிசையில் இறுக்குங்கள். ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு முறை ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். ஹப்பின் மேல் புறங்கையை வைத்து எந்தச் சக்கரம் அதிகம் சுடுகிறது என்றும் பார்த்துக்கொள்ளலாம். லாரிக்காரர்கள் இதை எப்போதும் முதல் டீக்கடையிலேயே முடித்துவிடுவார்கள், டீ ஆறுவதற்குள்.